ஆதரவு என்றால் எதற்கு? அமைதிப்படையை முன்வைத்து ஒரு விமர்சனக் குறிப்பு

போர் பற்றிய பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் ஒரு வாக்கியம் வந்து விழும். "அரசாங்கம் முடிவெடுத்துட்டாங்க, படையும் போயிடுச்சு. இனிமே சரி தப்புன்னு பேசுறது நம்ம வீரர்களுக்குப் பண்ற துரோகம்." இதற்கு நேரெதிராக இன்னொரு வாக்கியமும் உண்டு. "அது அநியாயமான போர். அதுல போய்ச் சண்டை போட்டவனுக்கு மாலை ஒரு கேடா?"

இந்த இரண்டையும் உரசிப் பார்க்க வியட்நாமுக்கோ ஈராக்குக்கோ போக வேண்டியதில்லை. நம் கைக்கு எட்டும் தூரத்திலேயே ஒரு போர் இருக்கிறது. 1987 ஜூலை கடைசியிலிருந்து 1990 மார்ச் வரை இலங்கையில் இருந்த இந்திய அமைதி காக்கும் படை. பெயரில் அமைதி இருந்தது, நடந்தது போர். உச்சத்தில் ஏறத்தாழ 80,000 பேர் அங்கே இருந்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. திரும்பி வராதவர்கள் சுமார் 1,200 பேர். இறந்த ஈழத்தமிழ்ப் பொதுமக்களுக்கு இன்றுவரை எல்லோரும் ஒப்புக்கொள்ளும் கணக்கே கிடையாது. இந்த வித்தியாசத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அமைதிப்படையைப் பற்றித் தமிழில் பேசும்போது பெரும்பாலும் ஒரு காட்சியிலேயே பேச்சு முடிந்துவிடும். கடைசிப் படைப்பிரிவுகள் 1990 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது, அப்போதைய முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்க முடியாது என்பது அவர் நிலை. ஒரு தரப்புக்கு அது தமிழ் மானம், இன்னொரு தரப்புக்கு தேசத்துரோகம். முப்பத்தைந்து வருஷமாக இந்த இரண்டு வார்த்தையைத்தான் மாற்றி மாற்றி வீசிக்கொண்டிருக்கிறோம். இரண்டு தரப்புமே தவறான கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கின்றன என்பது என் வாதம்.

எதற்கு ஆதரவு கொடுத்தோம்?

தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும்.

1987 ஜூன் 4: யாழ்ப்பாணத்தின் மேல் இந்திய விமானங்கள் உணவுப் பொட்டலம் போட்டன. ஆபரேஷன் பூமாலை. தமிழ்நாட்டில் கட்சி வேறுபாடு பெரிதாக இல்லாமல் இதற்கு ஆதரவு இருந்தது.

ஜூலை 29: கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்து. மறுநாளே படை இறங்க ஆரம்பித்தது.

ஆகஸ்ட் 2: மெரினாவில் பொதுக்கூட்டம். ராஜீவும் எம்.ஜி.ஆரும் ஒரே மேடையில்.

செப்டம்பர் 26: நல்லூரில் உண்ணாவிரதம் இருந்த திலீபன் இறந்தார்.

அக்டோபர் 5: பலாலியில் இலங்கைப் படையின் காவலில் இருந்த புலேந்திரன், குமரப்பா உள்ளிட்ட 12 புலிகள் சயனைட் அருந்தி இறந்தார்கள். கொழும்புக்குக் கொண்டுபோகப்படுவதைத் தவிர்க்க எடுத்த முடிவு அது. தொடர்ந்து கிழக்கில் சிங்களப் பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள்.

அக்டோபர் 10: ஆபரேஷன் பவன். இந்தியப் படைக்கும் புலிகளுக்கும் நேரடிப் போர்.

மெரினா கூட்டத்துக்கும் ஆபரேஷன் பவனுக்கும் நடுவே 69 நாள். தமிழர்களைக் காப்பாற்றப் போகிறது என்று நினைத்துக் கைதட்டி அனுப்பிய படை, எழுபது நாளுக்குள் யாழ்ப்பாணத் தெருக்களில் தமிழ் இளைஞர்களோடு சண்டை போட்டது. இதற்குக் காரணம் யார் என்ற கேள்வியில் புலிகளின் பங்கும் உண்டு, கொழும்பின் பங்கும் உண்டு, டெல்லியின் பங்கும் உண்டு. அந்தக் கணக்கை இங்கே தீர்க்கப் போவதில்லை. எனக்கு வேண்டியது வேறு. ஆதரவு கொடுத்தது ஒன்றுக்கு, அது செலவானது இன்னொன்றுக்கு. நடுவில் யாரும் வந்து, "நீங்க கையெழுத்துப் போட்ட பத்திரத்துல விஷயம் மாறிடுச்சு, மறுபடி படிச்சுப் பாருங்க" என்று சொல்லவில்லை.

சொல்ல வேண்டிய கட்டாயமும் சட்டப்படி யாருக்கும் இல்லை. போரும் அமைதியும் ஒன்றியப் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் படையை வெளிநாட்டுக்கு அனுப்புமுன் நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்று நம் அரசியலமைப்பில் விதி கிடையாது. அமெரிக்காவில் வியட்நாம் பட்டபாட்டுக்குப் பிறகு 1973-ல் போர் அதிகாரச் சட்டம் வந்தது. அதை அங்கே எத்தனை அதிபர்கள் மதித்தார்கள் என்பது தனிக் கதை. நமக்கு அப்படி ஒரு காகிதம்கூட இல்லை.

அதனால் "அரசு முடிவெடுத்துவிட்டது, ஆதரி" என்று சொல்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது: எந்த முடிவை? ஜூலை 29 முடிவையா, அக்டோபர் 10 முடிவையா? ரெண்டும் ஒண்ணு இல்லீங்க.

"வீரர்களின் மனஉறுதி"

கேள்வி கேட்டால் களத்தில் இருப்பவனின் மனஉறுதி குலையும் என்பது அடுத்த வாதம். கேட்கும்போது நியாயமாகத்தான் தெரியும். களத்தில் நடந்ததைப் பார்த்தால் அப்படித் தெரியாது.

அக்டோபர் 11 இரவு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் ஹெலிகாப்டரில் படையை இறக்கிப் புலித் தலைமையைப் பிடிப்பது என்று திட்டம். புலிகள் தயாராகக் காத்திருந்தார்கள். முதலில் இறங்கிய சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரி அணியில் 30 பேர். பின்னால் வர வேண்டியவர்கள் வர முடியவில்லை. அந்த 30 பேரில் 29 பேர் இறந்தார்கள். ஒருவர் பிடிபட்டார். அவர் ஒருவர்தான் உயிரோடு திரும்பினார்.

அந்த 29 பேரைக் கொன்றது சென்னையிலோ புதுச்சேரியிலோ யாரோ கேட்ட கேள்வி இல்லை. உளவுத் தகவலும் திட்டமும் சரியா என்று கேட்க வேண்டிய இடத்தில் கேட்காமல் விட்டதும் ஒரு காரணம்.

படையின் முதல் களத் தளபதி மேஜர் ஜெனரல் ஹர்கிரத் சிங், இருபது வருஷம் கழித்து 2007-ல் ஒரு புத்தகம் எழுதினார். அதில் அவர் பழி போடுவது சொந்த ஊரில் இருந்த எதிர்ப்பாளர்கள் மேல் இல்லை. தூதரகத்தின் தலையீடு, தெளிவில்லாத உத்தரவு, டெல்லி மேல். பேச்சுவார்த்தைக்கு வரும் பிரபாகரனைச் சுட்டுவிடும்படி தூதர் தீட்சித் சொன்னதாகவும், வெள்ளைக் கொடியோடு வருபவரைச் சுட முடியாது என்று தான் மறுத்ததாகவும் எழுதுகிறார். இது ஒரு தரப்பு சாட்சியம்தான். தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள எழுதிய புத்தகம் என்று ஒருவர் சொன்னால் அதையும் ஒதுக்க முடியாது. ஆனால் கவனியுங்கள்: அந்தத் தளபதி 2007-ல் கேட்ட கேள்விகளை ஒரு குடிமகன் 1987-ல் கேட்டிருந்தால் அவனுக்குத் துரோகிப் பட்டம் கிடைத்திருக்கும். ஓய்வுபெற்ற ஜெனரல் கேட்டால் அது நினைவுக்குறிப்பு, சாதாரண ஆள் கேட்டால் துரோகமா?

அந்த நவம்பரில் இறந்தவர்களில் மேஜர் ராமசாமி பரமேஸ்வரனும் ஒருவர். பம்பாயில் பிறந்த தமிழர். நவம்பர் 25-ல் இறந்தார், பரம்வீர் சக்ரா கொடுத்தார்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட் பட்டாலியன்களும் அங்கே போயிருந்தன. அதாவது இரண்டு பக்கமும் தமிழ் பேசிக்கொண்டே செத்தார்கள். "நம் வீரர்கள்", "நம் மக்கள்" என்ற இரண்டு சொல்லும் ஒரே தெருவில் மோதிக்கொண்ட போர் இது. "நம்மாளை ஆதரி" என்ற சூத்திரம் இந்த இடத்தில் சுத்தமாக வேலை செய்யாது.

தமிழ்நாடு எதிர்த்ததா?

"தமிழர்கள் ஒருமித்து அந்தப் போரை எதிர்த்தார்கள்" என்று பலர் எழுதுகிறார்கள். எதிர்ப்பு இருந்தது உண்மை. கூட்டம், ஊர்வலம், கைது எல்லாம் நடந்தது. ஆனால் 1989 நவம்பரில் மக்களவைத் தேர்தல் வந்தது. படை இன்னும் இலங்கையில்தான் இருந்தது. யாழ்ப்பாண மருத்துவமனை நடந்து இரண்டு வருஷம், வல்வெட்டித்துறைக் கொலைகள் நடந்து மூன்று மாதம்.

முடிவு என்ன? தமிழ்நாட்டின் 39 தொகுதியில் காங்கிரஸ் - அ.தி.மு.க. கூட்டணிக்கு 38. தி.மு.க.வுக்குப் பூஜ்யம். வடக்கே தோற்றுக்கொண்டிருந்த ராஜீவுக்குத் தமிழ்நாடு அள்ளிக் கொடுத்தது.

இதை வைத்து "தமிழ்நாடு போரை ஆதரித்தது" என்று சொல்ல மாட்டேன். கூட்டணிக் கணக்கு, எம்.ஜி.ஆர். இறந்த பிறகு பிரிந்திருந்த அ.தி.மு.க. ஒன்று சேர்ந்தது என்று தேர்தலுக்கு ஆயிரம் காரணம் உண்டு. சொல்ல வருவது இதுதான்: வாக்குச்சாவடிக்குள் அந்தப் போர் ஒரு விஷயமாகவே இல்லை. ஆதரவும் இல்லை, எதிர்ப்பும் இல்லை.

அரசுக்கு அது போதுமானதாக இருந்தது. கடல் கடந்த போருக்குக் குடிமக்களின் ஆதரவு தேவையே இல்லை. அவர்கள் கேட்காமல் இருந்தால் போதும். நம்மிடம் யாரும் வந்து கையெழுத்துக் கேட்பதில்லை. நாம் பேசாமல் இருப்பதையே கையெழுத்தாக எடுத்துக்கொள்கிறார்கள். "ஆதரிக்கணுமா வேணாமா" என்று நாம் அடித்துக்கொள்ளும் நேரத்தில், நம் மௌனம் ஏற்கனவே கணக்கில் சேர்ந்துவிட்டிருக்கும்.

துறைமுகத்தில் நடக்காத வரவேற்பு

இப்போது கருணாநிதிக்கு வருவோம். அவர் போகாததை நான் தவறென்று சொல்லவில்லை. மேளதாளத்தோடு ஒரு மாநில முதல்வர் போய் மாலை போடுவது தனிமனித மரியாதை மட்டும் இல்லை, நடந்ததற்கு முத்திரை குத்துவது. அந்த முத்திரையை மறுக்க அவருக்கு உரிமை உண்டு. நடந்தது என்ன என்பதும் சின்ன விஷயமில்லை.

1987 அக்டோபர் 21, தீபாவளி நாள். யாழ்ப்பாணப் போதனா மருத்துவமனைக்குள் இந்தியப் படை நுழைந்தது. மறுநாள் வரை நடந்ததில் நோயாளிகள், மருத்துவர்கள், தாதிகள், ஊழியர்கள் என்று அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். குழந்தை மருத்துவர் சிவபாதசுந்தரம் மறுநாள் காலை, கைகளைத் தூக்கிக்கொண்டு, நாங்கள் மருத்துவமனைக்காரர்கள் என்று சொல்லியபடி வந்தபோது சுடப்பட்டார். உள்ளேயிருந்து புலிகள் சுட்டார்கள், அதற்குப் பதிலடி என்பது படையின் தரப்பு. புலிகள் முன்னதாக வளாகத்துக்குள் வந்ததை 'முறிந்த பனை' எழுதியவர்களும் மறைக்கவில்லை. ஆனால் படுக்கையில் இருந்த நோயாளிக்கும் சீருடையில் நின்ற தாதிக்கும் அது பதில் ஆகாது.

எங்கள் கதிர்காமத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. காலையில் புறநோயாளிப் பிரிவு வாசலில் நிற்கும் வரிசையைப் பார்த்தவர்களுக்கு, ஒரு மருத்துவமனைக்குள் படை புகுந்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

அதனால் வரவேற்பு மறுப்பு புரிகிறது. என் விமர்சனம் அது அங்கேயே நின்றுவிட்டது என்பதில்தான். மருத்துவமனைக்குள் உத்தரவு கொடுத்தது யார்? விசாரணை எங்கே? 29 பேரைப் பொறிக்குள் இறக்கியது யார்? இந்தக் கேள்விகள் எதுவும் ஒரு வெளிப்படையான விசாரணையாக வளரவில்லை. ஒருவருக்கும் தண்டனை இல்லை. துறைமுகத்துக்குப் போகாமல் இருக்கச் செலவு ஒன்றுமில்லை. விசாரணை கேட்டுப் பிடிவாதமாக நின்றிருந்தால் செலவு இருந்திருக்கும்.

அவரைத் துரோகி என்றவர்களிடமும் இதே குறைதான். அவர்கள் கேட்டது மாலை, மேளம். இறந்த 1,200 பேரும் எதற்காக இறந்தார்கள் என்ற கணக்கை அவர்களும் கேட்கவில்லை. மாலை போட்டால் கணக்கு முடிந்துவிடும் என்று நினைத்தார்கள். படையினருக்காகப் பேசியவர்கள் படையினர் சார்பில் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை, யாழ்ப்பாணத்துக்காகப் பேசியவர்கள் யாழ்ப்பாணம் சார்பில் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. ரெண்டு பேரும் ஒரு வரவேற்பு விழாவைப் பற்றிச் சண்டை போட்டார்கள்.

இறங்கி வந்தது யார் என்பதும் முக்கியம். கப்பலில் வந்தவர்கள் சிப்பாய்கள். போர் முடிவை எடுத்தவர்கள் கப்பலில் வரவில்லை.

சொல்தாக்களின் ஊரிலிருந்து

புதுச்சேரிக்காரர்களுக்கு இந்த விஷயத்தில் ஒரு பழைய அனுபவம் உண்டு. இங்கே ஓய்வுபெற்ற பிரெஞ்சுப் படைவீரர்களைச் 'சொல்தா' என்போம். தெருவுக்கு ஒரு சொல்தா வீடு இருந்த காலம் உண்டு. கடற்கரைச் சாலையில் முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்கான நினைவுச் சின்னம் இன்றும் நிற்கிறது. அதற்குப் பிறகான போர்களுக்கு அதுபோல ஊர்நடுவில் கம்பீரமான தூண் இல்லை. குறிப்பாக இந்தோசீனா.

1946 முதல் 1954 வரை வியட்நாமின் விடுதலைக்கு எதிராகப் பிரான்ஸ் நடத்திய போரில் புதுச்சேரி, காரைக்கால் ஆட்களும் பிரெஞ்சுச் சீருடையில் இருந்தார்கள். அதே வருஷங்களில் இங்கே, அதே பிரான்ஸிடமிருந்து விடுதலை கேட்டுப் போராட்டம் நடந்தது. 1954 மே 7-ல் தியன் பியன் பூ விழுந்தது. அக்டோபர் 18-ல் கீழூரில் வாக்கெடுப்பு, 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1-ல் அதிகாரம் கைமாறியது. சட்டப்படியான ஒப்படைப்புக்கு 1962 ஆகஸ்ட் 16 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அல்ஜீரியா விடுதலையானது அதே ஜூலையில். ஆக, அண்ணன் சைகோனில் பிரெஞ்சுக் கொடிக்குக் காவல், தம்பி இங்கே அதே கொடியை இறக்கச் சொல்லி ஊர்வலம் என்பது இந்த ஊரில் நடக்கக்கூடிய விஷயம்தான்.

அந்தப் போர் நியாயமா என்று கேட்டால், அடிமைப்பட்ட ஊர்க்காரன் இன்னொரு அடிமைப்பட்ட ஊர்க்காரனைச் சுட்ட போர் என்றுதான் சொல்வேன். ஆனால் இந்த ஊர் அதற்காகச் சொல்தாவைத் தெருவில் விரட்டவில்லை. அவர் பென்ஷன் வாங்கினார், ஜூலை 14-ல் மெடல் குத்திக்கொண்டு போனார், பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் முன்வரிசையில் உட்கார்ந்தார். ஆளுக்கு மரியாதை, போருக்கு முத்திரை இல்லை. இரண்டையும் பிரித்து வைக்க முடியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

இதிலும் ஒரு குறை இருக்கிறது. மரியாதைக்காக நாம் கேட்காமலே விட்டோம். இந்தோசீனாவில் என்ன பார்த்தீர்கள், என்ன செய்தீர்கள் என்று எத்தனை பேர் அந்தப் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேட்டோம்? பிரான்ஸிலேயே கேட்டவர்கள் இருந்தார்கள். ஆன்ரி மர்த்தேன் என்ற கடற்படை வீரர் அந்தப் போருக்கு எதிராகத் துண்டறிக்கை கொடுத்ததற்காக 1950-ல் ஐந்து வருஷச் சிறைத்தண்டனை பெற்றார். அவருக்காகப் பெரிய இயக்கமே நடந்தது, சார்த்தர் புத்தகம் கொண்டுவந்தார், 1953-ல் விடுதலையானார். தன் நாட்டின் போரைக் கேள்வி கேட்ட அவரை இன்று பிரான்ஸின் எதிரி என்று யார் சொல்வார்கள்?

ரஜனி செய்தது

நம் மொழியில் இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு என்றால் அது ரஜனி திராணகம. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் ஆசிரியர். ராஜன் ஹூல், தயா சோமசுந்தரம், சிறீதரன் ஆகியோரோடு சேர்ந்து 'முறிந்த பனை' நூலை உருவாக்கினார். இந்தியப் படை செய்ததை எழுதினார்கள். இலங்கைப் படை செய்ததை எழுதினார்கள். புலிகளும் மற்ற இயக்கங்களும் செய்ததை எழுதினார்கள். யார் பக்கம் என்று கேட்டவர்களுக்கு, செத்தவர்கள் பக்கம் என்பதுதான் அந்த நூலின் பதிலாக எனக்குப் படுகிறது. 1989 செப்டம்பர் 21-ல் பல்கலைக்கழகத்திலிருந்து வீட்டுக்குச் சைக்கிளில் போகும்போது சுட்டுக் கொன்றார்கள்.

துப்பாக்கிகளுக்கு நடுவில் இருந்தவர் கணக்கு எழுதினார். பாதுகாப்பாக இந்தப் பக்கம் இருந்த நாம் கோஷம் போட்டோம், அல்லது சும்மா இருந்தோம்.

அப்போ என்ன செய்யணும்?

"நாட்டின் போரை ஆதரிக்க வேண்டுமா" என்று இனி யாராவது கேட்டால், ஆமாம், இல்லை என்று சொல்லுமுன் மூன்று விஷயம் கேட்கச் சொல்வேன். எதற்காகப் படை போனது, இன்றைக்கும் அதே வேலைதான் நடக்கிறதா? இரண்டு பக்கமும் செத்தவர்களின் பெயரையும் எண்ணிக்கையையும் யார் எழுதி வைக்கிறார்கள்? எந்த நிலை வந்தால் படை திரும்பும், அதை முடிவு செய்வது யார்? பதில் வந்தால் ஆதரவைப் பற்றி யோசிக்கலாம். பதில் வராவிட்டால், அல்லது கேட்டதற்கே கோபம் வந்தால், அதுவும் ஒரு பதில்தான். அந்தப் போரில் போய் நிற்கும் சிப்பாய்க்கு நாம் செய்யக்கூடிய பெரிய உதவியும் இந்தக் கேள்விகள்தான்.

கொழும்புக்குப் பக்கத்தில், பத்தரமுல்லையில், இறந்த இந்திய வீரர்களின் பெயர்களைப் பொறித்த நினைவிடம் இருக்கிறது. எந்த நாட்டிலிருந்து படையை வெளியே போகச் சொன்னார்களோ அந்த நாடு கட்டியது. யாழ்ப்பாண மருத்துவமனையில் ஒவ்வொரு அக்டோபரிலும் இறந்த ஊழியர்களின் படங்களுக்கு விளக்கேற்றுகிறார்கள். இந்த இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இவர்கள் ஏன் இறந்தார்கள் என்று சொல்லும் ஓர் அரசு ஆவணம் டெல்லியிலிருந்து இன்னும் வரவில்லை. அதைக் கேட்பதற்குக் கருணாநிதியை ஆதரிக்கவும் வேண்டாம், எதிர்க்கவும் வேண்டாம்.